நாலு பேருக்கு ஒரு ஊசி

காலையில் பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும் வேனில் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவைப் பார்த்து அசந்துபோனேன். அவ்வளவு இளைத்திருந்தார்.

“ஊசிதான்லா. வாரம் ஒண்ணு போட்டுக்கிறேன்” என்றார்.

பேனா மாதிரி இருக்குமே, அந்த எடை குறைக்கும் ஊசி. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றும் கூடிவிட்டதால் இளைக்கச் சொல்லி என்னையும் கிளினிக்கில் விரட்டுகிறார்கள். எந்த டாக்டர் என்று ஆசையாகக் கேட்டேன்.

“டாக்டர் எதுக்கு? ஆன்லைன்ல வாங்கினோம். தீபாவளிக்கு ஆடு வாங்கி பங்கு போடுறோமில்ல, அந்த மாதிரி நம்ம லயத்து வீடுகள்ல நாலு பேரு சேர்ந்துக்கிட்டோம்.”

“நாலு பேருக்கும் ஒரே பேனாவா?”

“முனைய மாத்திடுவோம்மா. அதுகூட தெரியாதா எங்களுக்கு?”

“முனைய மாத்தினாலும் ஒருத்தர் ரத்தம் பேனாவுக்குள்ள போயிடும்க்கா! நோய் ஒட்டிக்கும். யாரு அந்த நாலு பேரு?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு உங்கம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க.”

அக்காவையும் இழுத்துக்கொண்டு பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு ஓடினேன்.

இப்போது கிளினிக்கில் இருக்கிறேன். நாலு பேருக்கும் ரத்தம் எடுக்கிறார்கள். “இன்னும் ரெண்டு கிலோதான் குறையணும், அதுக்குள்ள கெடுத்திட்டியே” என்றதோடு சரி, அம்மா என்னோடு பேசவில்லை.

போன வாரம் இங்கே அம்மா படத்தைப் போட்டு, இப்படி இளைத்ததெல்லாம் பாகற்காய் ஜூஸ் செய்த அதிசயம் என்று எழுதினேன் அல்லவா? லைக் போட்டவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அதை நம்பி ஜூஸ் குடித்துக்கொண்டிருப்பவர்கள் கமெண்டில் வந்து திட்டலாம்.