கிளைசினைத் தாண்டிப் போன முத்துலட்சுமி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணின் மூன்று வருட உழைப்பில் கை வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாததால் வந்த வினை.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ். அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பெண், மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் ஒரு சதுரம். அதற்குள் பொடிப்பொடியாய் நீலப் புள்ளிகள். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு கனத்த கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன புள்ளியோ, அந்தப் பக்கமும் அதே புள்ளி.

எங்களுக்கு மூன்று தலைமுறையாகத் துணிக்கடை; பத்திரிகையில் இந்தப் பத்தி எழுதுவதெல்லாம் பிறகு வந்தது. நான் வேறு என்ன நினைப்பேன்?

"சுங்குடி டிசைனாம்மா? பார்டரைக் காணோமே..."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சேலையில்லக்கா. இது புரோட்டீனு."

அக்கா என்றாள் பாருங்கள் — அறுபதைத் தொடப் போகிறவளை! அந்த நிமிடமே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

பெயர் முத்துலட்சுமி. ஊர் பரளச்சி. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. இவள் மதுரையில் பி.எச்டி. செய்கிறாள். அடுத்த மாதம் தீசிஸ் கொடுக்க வேண்டும். அந்தச் சந்தோஷத்தை வீட்டில் நேரில் சொல்லத்தான் இந்தப் பயணம்.

"அது சரி, இந்தப் புள்ளியெல்லாம் என்ன?" என்றேன். பஸ்ஸில் கேள்வி கேட்பதற்கு எனக்குக் கூச்சமே கிடையாது.

சலிக்காமல் சொன்னாள். புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சரம். ஆனால் அது நீளமாகக் கிடக்காது. பூக்காரர்கள் சரத்தைப் பந்தாகச் சுருட்டி வைப்பதுபோல் தானாகவே சுருண்டுகொள்ளும். சுருண்டதும் மூன்றாவது பூவும் எண்பதாவது பூவும் பக்கத்தில் வந்துவிடும் அல்லவா? அப்படி எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்று அளந்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புள்ளி வைப்பதுதான் அவள் வேலை.

"அடுத்தடுத்து இருக்கிறது ஒட்டி நிக்கிறதுல என்னக்கா அதிசயம்? எங்கயோ தூரத்துல இருக்கிறது வந்து ஒட்டுது பாருங்க... அதுதேன் மொத்தத்தையும் கலையாம புடிச்சு வச்சிருக்கு."

முட்டையை வேகவைத்தால் கெட்டியாகிறதே, அது சூட்டில் புரதம் கலைந்துபோவதால்தானாம். ஆனால் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் புரதம் அந்தச் சூட்டிலும் கலையாது. ஏன்? அதுதான் முத்துலட்சுமியின் ஆராய்ச்சி. பரளச்சி வெயிலில் பிறந்த பெண் வேறு எதை எடுப்பாள்?

நான் திரையை உற்றுப் பார்த்தேன். கடைக்காரி கண் எங்கே போகும்? புள்ளிகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு பட்டை, மேலிருந்து கீழ் வரைக்கும்.

"ஏம்மா, இங்கன இழை விட்டுப் போயிருக்கே?"

அவள் முகம் மலர்ந்தது. "அந்த இடம்தேன்க்கா என் கண்டுபிடிப்பே!"

புரதத்தின் அந்த வளைவில் மட்டும் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. பிடிமானம் இல்லாததால் சூட்டில் முறியாமல் வளைந்துகொடுக்கிறது. எல்லோரும் இறுக்கம்தான் பலம் என்று நினைத்திருக்க, இவள் தளர்வுதான் பலம் என்று காட்டியிருக்கிறாள். கைடு தட்டிக்கொடுத்தார். ஆராய்ச்சி இதழும் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சேற வேண்டியதுதான் பாக்கி.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். செய்தேனா?

"அப்படின்னா இங்கனயும் லேசா விட்டிருக்கே... இந்தா, இங்கனயும். இங்கன பாரு, முடி மாதிரி ஒரு கோடு."

முத்துலட்சுமி படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஒவ்வொரு வெள்ளைக் கோட்டின்மீதும் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். வைக்கும்போதெல்லாம் திரையில் ஒரே பெயர் வந்தது. கிளைசின். கிளைசின். கிளைசின்.

பஸ் காரியாபட்டியில் நின்றது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் ஜன்னலைத் தட்டினார்கள். அவள் நிமிரவே இல்லை.

என்ன நடந்திருக்கிறது என்று பிறகுதான் சொன்னாள். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் பக்கவாட்டில் ஒரு கிளை உண்டு. அந்தக் கிளையின் முதல் கார்பனிலிருந்துதான் இவள் தூரத்தை அளக்கிறாள். இருபது வகையில் கிளைசின் ஒன்றுக்கு மட்டும் அந்தக் கார்பன் கிடையாது. அதற்கு நடுத்தண்டிலுள்ள கார்பனை வைத்து அளக்க வேண்டும். இது முத்துலட்சுமிக்குத் தெரியாததா? ஜூனியர்களுக்கு இதைப் பாடமே எடுத்திருக்கிறாள்!

ஆனால் முதல் வருடம் அவசரமாக எழுதிய புரோகிராமில் ஒரு வரி — கார்பன் கிடைக்காவிட்டால் தாண்டிப் போ. பிறகு சரி செய்துகொள்ளலாம் என்று வைத்தது. அப்புறம் மறந்தே போனாள். புரோகிராமும் மூன்று வருடமாகச் சொன்ன பேச்சைக் கேட்டு, ஒவ்வொரு கிளைசினையும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. அந்த வளைவிலோ வரிசையாக நான்கு கிளைசின்.

வரியை மாற்றினாள். திரும்ப ஓடவிட்டாள். நான் தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் புதுப் படம் வந்தது. வெள்ளைப் பட்டை இருந்த இடத்தில் நெருக்கமாக நீலப் புள்ளிகள். பிடிமானமே இல்லை என்று அவள் எழுதிய வளைவுதான் மொத்தப் புரதத்திலும் ஆக இறுக்கமான இடம்.

"போச்சுக்கா" என்றாள்.

கைடு கவனிக்கவில்லை. இதழில் சரிபார்த்தவர்கள் கவனிக்கவில்லை. இந்தத் தப்பு உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருத்தி, பார்டர் எங்கே என்று கேட்டவள்.

அந்த நினைப்பில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "யாருக்கும் தெரியாதுல்லம்மா... இப்ப என்ன அவசரம்? ஊருக்குப் போயி நாலு நாள் யோசிச்சுக்கிட்டுச் செய்யேன்."

அவள் போனை எடுத்தாள். "வீட்டுக்குப் போயி எங்கம்மா மூஞ்சியப் பாத்துட்டா எனக்குத் தைரியம் வராதுக்கா. பஸ்ஸுலயே பேசிப்புடுறேன்."

பேசினாள். கைடிடம். கண்டக்டர் விசில், டிரைவர் வைத்த பாட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில்.

"சார், முத்துலட்சுமி பேசுறேன். மூணாவது சாப்டர் தப்பு சார்... இல்ல சார், டேட்டா சரிதான். என் புரோகிராம்தான் தப்பு. கிளைசினை விட்டுட்டேன்... ஆமா சார், எல்லாத்துலயும்... யாரும் கண்டுபிடிக்கல சார். நானாத்தான் சொல்றேன்... பேப்பரை வாபஸ் வாங்கிரலாம் சார்."

அப்புறம் நீண்ட நேரம் 'சரிங்க சார்' மட்டும்தான். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை. தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

போனை வைத்ததும் கேட்டேன். "திட்டினாரா?"

"இல்லக்கா. தன்மையாத்தேன் பேசுனாக, அதுதேன் கஷ்டமா இருந்துச்சு. கடைசில, நாளைக்கே மெயில் போட்ரலாம், மத்தியானம் வான்னாக. தீசிஸ் ஒரு வருசம் தள்ளிப் போகும்."

ஒரு வருடம்! அருப்புக்கோட்டை வந்துவிட்டது. பரளச்சி பஸ்ஸுக்கு அவள் மாற வேண்டும். நான் குற்றவாளி மாதிரி கூடவே இறங்கினேன். "நான் பேசாம வந்திருக்கலாம்மா. என்னை மன்னிச்சுக்க."

"நல்லா சொன்னீக போங்க! நீங்க சொல்லாட்டி அது அச்சாகியிருக்கும். எவளாவது ஒருத்தி அதை நம்பி, அதுக்கு மேல மூணு வருசம் வேலை பாத்திருப்பா. பாவமில்லையா அவ?"

முகம் தெரியாத ஒருத்திக்காகத் தன் ஒரு வருடத்தை பஸ்ஸிலேயே கொடுத்துவிட்டாள். மில்லில் எல்லோரிடமும் மகள் பெருமை பேசி வைத்திருக்கும் அம்மாவிடம் அன்றைக்கே சொல்லப் போகிறாள். "வாரேன்க்கா" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவளைக் கூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ பெரிய மனிதர்களைப் பேட்டி எடுத்து இதே பக்கத்தில் புகழ்ந்திருக்கிறேன். அன்றைக்குப் பட்ட மலைப்பு யாரைப் பார்த்தும் எனக்கு வந்ததில்லை.

காதுகுத்தில் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வருட உழைப்பு போனாலும் போகட்டும் என்று, யாரும் கேட்காமலே தன் தப்பைச் சொல்லிவிட்டாள் அவள். நான்?

போன வருடம் இந்தப் பத்தியில், மல்லாங்கிணறு பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த என் பள்ளித் தோழியை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டதாக எழுதியிருந்தேன். நிறையப் பேர் கண்கலங்கிக் கடிதம் போட்டீர்கள். அத்தனையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை... அவள் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று, பஸ் வரும்வரை முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தேன்.