வராத சத்தத்துக்கு ஒரு புகார்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை எனக்கு. அதாவது, அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம். வீட்டிலும் இந்தக் குணம் போகமாட்டேன் என்கிறது என்பது என் கணவரின் தீராத புலம்பல்.

என் கல்லூரித் தோழி ஒருத்தி, காது கேட்கும் கருவிகளுக்கான ஆராய்ச்சியில் இருக்கிறாள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட மென்பொருள் அவர்களுடையது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து ஹெட்போனை மாட்டினால் போதும். இரண்டு காதிலும் தனித்தனியாக, தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சொலிவரை ஒவ்வொன்றாக வரும். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். எது கேட்கவில்லையோ, அதைக் கருவி கூட்டிக் கொடுக்கும். "ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக் குடுடி" என்றாள்.

சனிக்கிழமை காலை, அயனம்பாக்கத்தில் எங்கள் பிளாட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். இடது காதில் எல்லாம் ஒழுங்காக வந்தது. வலது காதில் பாதிக்கு மேல் சத்தத்தையே காணோம். எனக்கோ ஒரே குஷி. சிக்கினாயா! பிரவுசரை மாற்றினேன், லேப்டாப்பை மாற்றினேன், அதே கதைதான். 'வலது பக்கம் பாதி ஒலி வரவே இல்லை, இதைக்கூடவா பார்க்கமாட்டீர்கள்?' என்று காரசாரமாகப் புகார் எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் தோழி போன் செய்தாள். "இங்க எல்லாருக்கும் வருதுடி. உன் ஹெட்போனைப் பாரு."

விடுவேனா? எதிர் பிளாட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். அம்பத்தூரை அடுத்த பாடியிலேயே பிறந்து வளர்ந்தவள். மாட்டியதும் முகத்தைச் சுளித்தாள். "இன்னாக்கா, நல்லாத்தானே கீது? ரெண்டு பக்கமும் கீச்சுனு காதக் குத்துது."

இவள் சரியாகக் கேட்டிருக்கமாட்டாள் என்று நினைத்தபடியே ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி மாட்டினேன். கோளாறு ஹெட்போனில் இருந்தால், சத்தம் வராத பக்கம் இப்போது இடது காதுக்கு வந்திருக்க வேண்டும். இடது காதில் கணீரென்று கேட்டது. வலது காதில்தான் மறுபடியும் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டேன். கெட்டுப்போனது என் காது! அந்த வாரம் சளி பிடித்ததிலிருந்து வலது காது அடைத்த மாதிரி இருந்தது உண்மைதான். மழை விட்டால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். போனை எப்போதும் இடது காதில் வைத்துப் பேசுகிறவளுக்கு வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

"அய்ய, அழுவாதக்கா, வண்டில குந்து" என்று அவளே மழையில் என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கரையான்சாவடியில் இருக்கும் காது டாக்டரிடம் போனாள். காதை விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா, இன்னொரு சோதனையும் எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அடைப்பு இல்லம்மா, நரம்பு. சில பேருக்குத் திடீர்னு இப்படிப் போயிடும். உடனே வந்தா மருந்துல திரும்ப வாய்ப்பு இருக்கு. சளின்னு நினைச்சு ஒரு மாசம் கழிச்சு வர்றவங்களுக்குத்தான் எங்களால ஒண்ணும் பண்ண முடியறதில்ல." நானும் அப்படித்தானே வந்திருப்பேன்! நாற்காலியிலேயே உடைந்து அழுதுவிட்டேன்.

மாத்திரையில் கேட்கும் சக்தி பெரும்பாலும் திரும்பிவிட்டது. மிக மெல்லிய கீச்சொலி மட்டும் இன்னும் வரவில்லை. அந்தப் புகாரை எழுதிய திமிரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பக்கத்தையே திறக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தாலோ, இப்போதும் குலை நடுங்குகிறது.