லென்ஸில் காய்ந்த சந்தனம்

தேனியில் ஒரு பிசியோதெரபி மையம். அங்கிருந்த விஆர் ஹெட்செட்டைச் சரிசெய்யக் கூப்பிட்டிருந்தார்கள். தலையில் மாட்டும் அந்தக் கருவியின் முகப்பில் நான்கு சின்னக் கேமராக்கள் உண்டு. நோயாளி கையைத் தூக்கினால் அவை பார்த்து உயரத்தை அளக்கும். தோளைத் தாண்டினால் தேறிவிட்டதாகத் திரையில் பச்சை விழும். "கை படத்துல துள்ளுதும்மா" என்று மட்டும் உரிமையாளர் போனில் சொல்லியிருந்தார்.

நான் பட்டியல் போட்டு வேலை செய்கிறவள். கேமராவைக் குழப்பும் என்று ஜன்னல் வெயிலை மறைத்தேன். சுவர்க் கண்ணாடியைத் துணியால் மூடினேன். விளக்கை மாற்றினேன். நோயாளி நகரும் தரை எல்லையைக் கருவியில் புதிதாக வரைந்தேன். கை துள்ளிக்கொண்டேதான் இருந்தது. கேமராவைத் துடைப்பது பட்டியலில் ஐந்தாவது. அதை முதலில் செய்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு நான்கு லென்ஸிலும் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் என் லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பார்கள், ஆனால் மூடியின் மேல். இங்கே லென்ஸிலேயே வைத்து, அப்புறம் எண்ணெய்க் கையால் தேய்த்துவிட்டிருந்தார்கள். மஞ்சள் பிசுக்கு ஏடுகட்டியிருந்தது. முகத்தில் படும் பஞ்சு அதைவிட மோசம்: தேங்காய் எண்ணெய், பவுடர், எத்தனையோ பேருடைய வியர்வை, ஓரத்தில் ஒட்டிய நரைமுடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தம் செய்தேன்.

சோதிக்க, சிகிச்சைக்கு வந்திருந்த டிரைவர் ஒருவரை உட்காரவைத்தேன். கம்பத்திலிருந்து கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிவேலைப் பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறவர். வலது தோளில் அடிபட்டிருந்தது. போன வாரம் பச்சை விழுந்ததால் திங்கட்கிழமை மறுபடி மலையேறுவதாக இருந்தார்.

"தூக்குங்கண்ணே."

மார்பு உயரத்தில் கை நின்றுவிட்டது. திரையிலும் அங்கேயே நின்றது. சிவப்பு.

கேமராவுக்குக் கை தெரியாதபோது மென்பொருள் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் காட்டும். போன வாரத்துப் பச்சை அப்படி விழுந்ததுதான்.

உரிமையாளர் என்னை வாசலுக்கு அழைத்துப் போனார். "ஏம்மா, பழைய மாதிரியே வச்சுக் குடுத்துரு. அந்தப் பச்சையப் பாத்துட்டுத்தான் இத்தன பேரு வாராக."

"பழைய மாதிரின்னா சந்தனத்தைத்தான் திரும்பப் பூசணும் சார்."

"கேலி பண்ணாத. அளவக் கொஞ்சம் எறக்கி வையி. நெஞ்சு வரைக்கும் வந்தாப் போதும்னு."

"மலை வளைவுல ஜீப்பத் திருப்ப அது போதுமா சார்?"

"அது அவரு பாடு."

அவர் முகத்தில் கூச்சமே இல்லை. பஞ்சில் பார்த்த அழுக்கு பரவாயில்லை என்று தோன்றியது. அது கழுவினால் போய்விடும்.

உள்ளே வந்து டிரைவரிடம் உள்ளதைச் சொன்னேன். லென்ஸில் அழுக்கு, போன வார அளவு தப்பு, இன்றைக்குக் காட்டுவதுதான் சரி. அவர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தல சீவ முடியல ஆத்தா. சட்ட மாட்டிவிட வீட்ல ஆளு வேணும். ஆனா மிசினு பச்சை காட்டிருச்சே, நாந்தான் பயந்து சாகுறேன்னு நெனச்சேன்."

இடது கையால் போனை எடுத்தார். "ஏலே, திங்கக்கிழம வண்டிக்கு வேற ஆளப் பாரு. இல்லலே, இன்னும் சரியாகல."

உரிமையாளர் வாசலிலேயே நின்றார். போன வாரப் பதிவில் 'தவறான அளவு' என்று குறித்துவிட்டுக் கை கழுவப் போனேன். மூன்று முறை சோப்புப் போட்டும் அந்த எண்ணெய் வாடை போகவில்லை.