சுமார்னி கொடுத்த எஃகு

சுராபாயாவில் எஃகுக்கடை சுமார்னியைக் கேட்காமல் யாரும் கம்பி அறுப்பதில்லை. ஒரே எஃகை ஜெர்மன்காரன் 42CrMo4 என்பான், ஜப்பான்காரன் SCM440 என்பான், இங்கிலாந்துக்காரன் EN19 என்பான். "எல்லாம் நம்ம 4140தான், அறுத்துக் குடு" என்பாள் அவள். இருபத்திரண்டு வருஷக் கடை வேலையில் பெயர்களை ஒப்பிடும் அட்டவணையைப் புரட்டியதே இல்லை. புரட்டினால் மானம் போய்விடுமாம்!

அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே பழைய ஆர்டர்களைக் கோப்பில் சேர்த்தாள். துறைமுகக் கிரேனின் கையைத் தாங்கும் 'பின்' என்ற உருளை ஆணிக்கான ஜெர்மன் வரைபடம் ஒன்று கையில் வந்தது. 42CrMo4 என்பதற்குப் பின்னால் பொடி எழுத்தில் +QT என்றிருந்தது. நெருப்பிலிட்டு, எண்ணெயில் முக்கி, உரமேற்றிய கம்பிதான் வேண்டும் என்று அர்த்தம். அவள் கொடுத்ததும் அதே எஃகுதான், ஆனால் உரமேற்றாத மென்மையான கம்பி. பெயர் பொருந்தினால் பலமும் பொருந்திவிடுமா? அடிப்பாவி! சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

பின்னைக் கடைந்த பட்டறைக்காரர் ஹர்தோயோவுக்குப் போன் போட்டாள்.

"அத முந்தாநேத்தே மாட்டியாச்சுக்கா. இன்னிக்கு ரெண்டு மணிக்குக் கப்பல் என்ஜினத் தூக்குறாங்க."

"நிறுத்தச் சொல்லுய்யா!"

"நான் சொன்னா கேப்பாங்களா? எல்லாம் ஒண்ணுதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

துறைமுகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறினாள். வழியெல்லாம் கடவுளை வேண்டினாள், நடுநடுவே தன்னையும் திட்டிக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்தபோது என்ஜினைக் கிரேனில் கட்டி முடித்திருந்தார்கள். அது ஆடாமல் கயிறு பிடிக்க நாலு ஆட்கள், தூக்கியதும் அதன் கீழ் போகத் தயாராக நின்றார்கள்.

"யம்மா, வெளிய போங்க! தலையில விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினார் மேஸ்திரி கஸ்தி.

"அதத்தான் சொல்ல வந்தேன். அந்தப் பின்னு தாங்காது. நான்தான் தப்பாக் குடுத்தேன்."

"சர்ட்டிபிகேட்ல 4140னு இருக்கே?"

"இருக்கும். அது பொய்யில்லண்ணே, ஆனா பத்தாது."

"உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று சிரித்துவிட்டு, கிரேன்காரருக்குக் கை காட்டினார்.

சுமார்னிக்கு வேறு வழி தெரியவில்லை. ஓடிப்போய் என்ஜின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பத் தூக்கு!"

கிரேன்காரர் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிட்டார். கஸ்தி அவள் முதலாளியைப் போனில் பிடித்து, எக்கி அவள் காதருகே வைத்தார்.

"கடை மானத்தையே வாங்கிட்டியே! நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத."

"சரிங்க முதலாளி."

அதன்பின் விசும்பி விசும்பி அழுதாள். வேறு வழியில்லாமல் அவர்கள் கிரேன் கையைத் தரையில் சாய்த்து, அந்தப் பின்னைக் கழற்றி வைக்கும்வரை அவள் கீழே இறங்கவில்லை.