துரைக்கு இனி வெளியே வேலை இல்லை

தையல்காரம்மா வளர்த்த பூனைக்குத் துரை என்று பெயர். ஒருநாள் காலை அது ஒரு கொண்டைக்குருவியைக் கவ்விவந்து, தையல் மெஷினுக்கு அடியில் பெருமையாகப் போட்டது. அந்த மாதத்தில் அது மூன்றாவது பறவை. வாசல் செடியில் குஞ்சு பொரித்திருந்த ஜோடியில் ஒன்று என்று தெரிந்ததும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

"இனிமே இவன் வெளிய போகக் கூடாது" என்றாள்.

பஸ் ஓட்டும் கணவர் சிரித்தார். "பூனைன்னா குருவியைப் பிடிக்கத்தான் செய்யும். அது குணத்தை உன்னால மாத்த முடியுமா?"

"குணத்தை யாரு மாத்தினா? நான் கதவைத்தான் சாத்துறேன்."

அன்றே ஜன்னல்களுக்கு வலை அடித்தாள். துரை சும்மா விடுமா? ஊரைக் கூட்டுவதுபோல் கத்தியது, திரைச்சீலையைக் கிழித்துத் தோரணமாக்கியது. மூன்றாம் நாள் கணவரே, "பாவம், ஒரு மணி நேரம் விடேன்" என்று கெஞ்சினார்.

"ஒரு நிமிஷம்கூடக் கிடையாதுங்க."

சாயங்காலங்களில் தையலை நிறுத்திவிட்டு, வெட்டுத்துணியை நூலில் கட்டி இழுத்து, துரையை வீடு முழுக்க ஓடவிட்டாள். ஓடிக் களைத்த பூனை மெல்லமெல்லக் கத்தலைக் குறைத்தது. வெளியே, மிஞ்சிய ஒற்றைக் குருவி குஞ்சுகளுக்குப் புழுவும் பூச்சியுமாகக் கொண்டுவந்து கொடுத்தபடி இருந்தது.

பத்தாம் நாள் காலை, இரண்டு குஞ்சுகள் செடியிலிருந்து மதில்வரை தத்திப் பறந்தன. வேலைக்குக் கிளம்பிய கணவர் நின்று பார்த்தார். பிறகு திரும்பி வந்து கதவை இழுத்துச் சாத்தி, சரியாக மூடியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்.