எல்லம்மா சொன்ன ஐந்தாவது கை

எல்லம்மா போய்விட்டாள் என்று உங்கள் குப்பத்து ஆள் வந்து சொன்னபோது, பாதி முகம் மழித்தபடி நாவிதர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்படியே எழுந்து ஓடினேன். துக்க வீட்டில் என்னைப் பார்த்து உங்களில் சிலர் சிரிப்பை அடக்கினீர்கள். அவள் அடக்கியிருக்க மாட்டாள்.

பழவேற்காட்டுக் கோட்டையில் நான் துபாசி. டச்சுக்காரரின் உலாந்தா பாஷையைத் தமிழாக்கிப் பிழைப்பவன். கோட்டையின் உலாந்தா வைத்தியருக்குக் கடல் பிராணிகள் மேல் பைத்தியம். வலையில் சிக்கியதைக் கொண்டுவந்து கொடுத்தவள் எல்லம்மா. முதல் நாள் நட்சத்திர மீனைப் புரட்டிப் பார்த்து, தலை எங்கே என்றார் வைத்தியர்.

"தலையே கெடையாது. வாய் அடியில, நடுவுல. தலை இல்லாம பொழைக்கக்கூடாதா இன்னா? கோட்டையில எத்தினி பேர் பொழைக்கிறாங்க" என்றாள். முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

நட்சத்திர மீனும், முள் பந்து போன்ற கடல் முள்ளெலியும், கடல் அட்டையும் ஒரே சாதிசனம் என்பது அவள் கட்சி. "எண்ணிப் பாரு துபாசி, எல்லாம் அஞ்சு அஞ்சாத்தான் வரும்." எண்ணினோம். வந்தது. ஆனால் அறுந்த கை திரும்ப முளைக்கும் என்றதை மட்டும் வைத்தியர் நம்பவில்லை.

"வளத்துக் காட்டறேன்னு சொல்லு" என்றாள். கோட்டைக்குப் பக்கம் என்பதால் என் வீட்டு முற்றத்தில் தொட்டி வைத்து, கையறுந்த மீனை விட்டு, தினமும் கடல் தண்ணீர் சுமந்து வந்து மாற்றினாள். அவளைத் தவிர யாராவது தொட்டியைத் தொட்டால் அவருக்குக் கோட்டைக்குள் வேலையில்லை என்றார் வைத்தியர். கை முளை விட்டது. மறுநாள் காட்டுவதாக ஏற்பாடு.

அன்று வெயில் கொளுத்தியது; தொட்டியில் மீன் துவண்டு கிடந்தது. நான் திருப்பாலைவனத்து நெல் விவசாயி மகன். ஜீவன் வாடினால் கிணற்றுத் தண்ணீர் வைத்துதான் பழக்கம். இரண்டு குடம் ஊற்றினேன். விடிந்தபோது மீன் ஊதிப்போய், கைகள் கழன்று கிடந்தது.

எல்லம்மா தொட்டித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அதுக்கு ரத்தம் இல்ல துபாசி. உள்ள ஓடறதே கடல் தண்ணிதான்." அவ்வளவுதான் சொன்னாள். வைத்தியர் வந்ததும், "நான்தான் தண்ணி மாத்த மறந்துட்டேன்" என்றாள். அந்தப் பொய்யை அவருக்கு மொழிபெயர்த்தது என் வாய்தான். அவர் குறிப்பேட்டில் அவள் சொன்னதை அடித்தார். அன்று முதல் அவள் 'புளுகு எல்லம்மா'. நீங்களும் கூப்பிட்டீர்கள். நானும் சிரித்தேன்.

வைத்தியர் கப்பலேறிப் போன பிறகு ஒருநாள், குடிசைக்குப் பின்னால் ஒரு சட்டியைக் காட்டினாள். வேறொரு மீன். நான்கு கைகள் பெரிது. ஐந்தாவது வெளிறி, என் சுண்டுவிரல் நுனி அளவு.

"ஊரைக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

"கூப்பிட்டா மொதல் மீன் ஏன் செத்துச்சுன்னு கேப்பாங்க. புள்ளகுட்டிக்காரன், கம்முனு இரு."

கம்மென்று இருந்துவிட்டேன், இத்தனை வருஷம். அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தச் சட்டியைப் பார்த்த கண்தான். எல்லம்மா புளுகவில்லை. கை முளைத்தது. நான் பார்த்தேன்.