இரண்டாவது பிரேக்

கார் ஓட்டப் பழக்கும் அவளுக்கு ஊரில் வழங்கிய பெயர் மிளகாய். வைத்தது அவளிடம் ஓட்டப் பழகியவர்கள்தான். முகத்துக்கு நேராகக் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் கிடையாது. அவளுக்கோ அது தெரியும், தெரிந்து உள்ளூரப் பெருமையும் உண்டு. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்பாள். அந்தக் குணம் எப்போது வரும் என்று காத்திருந்து சலித்தவர்கள் பாதியிலேயே நின்றுகொண்டார்கள்.

பயிற்சிக் கார் என்பதால் அதில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுபவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்காரும் அவள் காலடியில். இத்தனை வருஷத்தில் கார்மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே ஆள் சேர்ப்பாள். அவளிடம் பழகியவர்களில் பாதிப் பேர் லைசென்ஸ் தேர்வில் கோட்டை விடுகிறார்களே என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. சொல்லித்தான் தரமுடியும், மூளையையும் சேர்த்தா வாங்கித் தரமுடியும் என்று சீறுவாள்.

அப்படிக் கோட்டை விட்டவர்களில் அவளுடைய சொந்த அண்ணியும் சேர்ந்தாள். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டான். வேனின் சொந்தக்காரர் நல்ல மனுஷர். பள்ளி திறக்கும் வரை வேலையை வைத்திருக்கிறேன், உன் மனைவி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வரட்டும் என்றார். அண்ணி இரண்டு தரம் தேர்வுக்குப் போனாள், இரண்டு தரமும் தோற்றாள். தேர்வு அலுவலகத்துக் காரில் பிரேக் ஒன்றுதான். முதல் தரம் கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள், அடுத்த தரம் தடுப்புக் கம்பத்தை இடித்தாள். பள்ளி திறப்பதற்குள் இனி ஒரு தரம்தான் பாக்கி. அதிலும் தோற்றால் வேன் வேறு ஆளிடம் போய்விடும். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வேனை நம்பித்தான்.

மிளகாயின் காரம் கூடியது. அவள் கவலைப்பட்டால்கூடக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"உங்க காலு என்ன வாடகைக்கு எடுத்ததா அண்ணி? சொன்னா மிதிக்காதா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அண்ணன் மனைவி என்ற மரியாதை அந்த 'உங்க'வில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

தேர்வுக்கு முந்தின நாள், ஓட்டுவதற்கு முன்னால் காருக்குள் கிடந்த கால்மிதியை உதற எடுத்த அண்ணி குனிந்தபடியே நின்றுவிட்டாள். பிறகு மிளகாயைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஓட்டுபவர் பக்கத்துப் பிரேக்கின் ரப்பர் புதிதாக வாங்கியதுபோல வரிவரியாக இருந்தது. மிளகாய் பக்கத்து ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்து, ஒரு மூலையில் இரும்பே தெரிந்தது.

"இத்தனை நாளா இந்தக் காரை நிறுத்தினது யாரு?" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "நான் காலை வைக்கிறதுக்குள்ள வண்டி நின்னுடுது. அப்புறம் நான் மிதிக்கலைன்னு என்னையே திட்டுற."

மிளகாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் கொண்டுபோய்ச் சுவரில் மோதுவீர்கள், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டுமா என்று எகிறினாள்.

"கையைக் கட்ட வேணாம், காலைக் கட்டு. சம்மணம் போட்டு உட்காரு."

அவளிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. வீம்புக்குச் சம்மணம் போட்டாள். அண்ணி இடிக்கட்டும், அப்போது தெரியும் என்பதுதான் அவள் எண்ணம்.

தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. மிளகாய் காலைப் பிரிப்பதற்குள் அண்ணி மிதித்துவிட்டாள். கொஞ்சம் தாமதம்தான். கார் ஒதுங்கிச் சுவரை உரசி நின்றது. மிளகாய் இறங்கினாள். முன்கதவு நெடுக ஒரு கீறல். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் யார்மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. மண்டு, மக்கு என்று விரட்டிவிட்ட ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. அவர்களில் யாரையாவது ஒரு தரமாவது மிதிக்க விட்டோமா என்று யோசித்தாள்.

ஏறி உட்கார்ந்து, கேட்காமலே மறுபடி சம்மணம் போட்டுக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில் அண்ணி சரியாக நிறுத்தினாள். அதற்கடுத்ததிலும் நிறுத்தினாள்.

மறுநாள் தேர்வு மைதானத்தின் வேலிக்கு வெளியே மிளகாய் நின்றாள். அலுவலகக் கார் வளைந்து வந்து தடுப்புக் கம்பத்தை நெருங்கியது. அவளுடைய வலது கால் தன்னையறியாமல் அழுத்தியது. கார் கோட்டுக்கு முன்னால் பதவிசாக நின்றது. அவள் செருப்புக்கடியில் வெறும் மண்தான் இருந்தது.

அண்ணி கையில் தேர்ச்சிச் சீட்டோடு வெளியே வந்தாள். மிளகாய் அழுகையை அடக்கிக்கொண்டு கட்டிக்கொள்ளப் போனாள். அண்ணி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"இரு. முதல் ரெண்டு தடவை ஃபெயிலானது யாரு?"

வேலியோரம் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் மிளகாயிடம் படித்துத் தோற்ற இரண்டு பேரும் இருந்தார்கள்.

"நான்தான் அண்ணி."

அண்ணி கையை நீட்டினாள். மிளகாய் கார் சாவியை அதில் வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.